பட்டம் வாங்கிய பிறகு தொடங்கும் படிப்பு: ஆக்குபேஷனல் தெரபி உரிமமும் மும்பைத் தமிழரும்

பக்கவாதத்தில் செயல் குன்றிய கையின் விரல்கள் மடங்கி இறுகிவிடக் கூடாது என்பதற்காக இரவில் ஸ்பிளிண்ட் (கையை ஒரே நிலையில் பிடித்து நிறுத்தும் தாங்கு கட்டு) கட்டித் தூங்கச் சொல்வது ஆக்குபேஷனல் தெரபியில் நெடுநாள் பழக்கம். பாடத்தில் இருந்தது, வைவாவில் கேட்டார்கள், வார்டில் செய்தார்கள். 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, நோயாளிகள் 63 பேரை மூன்று குழுவாகப் பிரித்தது. இரண்டு குழுவுக்கு, மணிக்கட்டை வெவ்வேறு கோணத்தில் நிறுத்தி, நான்கு வாரம் இரவு நேர ஸ்பிளிண்ட். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. கடைசியில் அளந்து பார்த்தால், தசை இறுக்கத்தில் மூன்று குழுவுக்கும் பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 222 பேரை வைத்து வேறொன்றைக் காட்டியிருந்தது. நல்ல கைக்கு உறை மாட்டி ஒதுக்கிவைத்துவிட்டு, பலவீனமான கையை இரண்டு வாரம் விடாமல் வேலை வாங்கினால், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்களுக்கும் அந்தக் கை தேறுகிறது.

ஆக, 2000ஆம் ஆண்டில் பட்டம் வாங்கிய ஒரு தெரபிஸ்ட்டின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் காலாவதியாகிவிட்டது. இன்னொரு பக்கம் எழுதப்படவே இல்லை. இதை அவருக்கு யார் சொல்வது? அவரே தேடித் தெரிந்துகொள்ளவில்லை என்றால், 'ஏன் தெரிந்துகொள்ளவில்லை' என்று கேட்க யாருக்கு அதிகாரம்? உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி கட்டாயம் என்று பல நாடுகள் விதி வைத்திருப்பதன் பின்னணி இவ்வளவுதான். ஆனால் அந்த விதியை எப்படி எழுதுவது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு. இந்தியா இப்போதுதான் தன்னுடையதை எழுதத் தொடங்கியிருக்கிறது. அதனால் இது மும்பையில் இந்தத் தொழில் செய்யும் தமிழர்களுக்கு மட்டுமல்ல, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் பிள்ளைகளைத் தெரபிக்குக் கூட்டிக்கொண்டு அலைகிற பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பிசியோதெரபிஸ்ட் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்த முழங்காலோடு நீங்கள் எப்படிக் குளிப்பீர்கள், எப்படி ரயில் ஏறுவீர்கள், எப்படி வேலைக்குப் போவீர்கள் என்று பார்ப்பார். கை அறுவைக்குப் பிந்தைய பயிற்சி, ஆட்டிசம் உள்ள குழந்தையின் அன்றாடப் பழக்கங்கள், மனநல வார்டு, முதியோர் வீடு எல்லாம் அவர் பார்க்கும் இடங்கள். கொஞ்சம் கறாராகப் பிரித்துவிட்டேன், பிசியோ நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் பிறந்த ஊர் மும்பைதான். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர், 1950இல் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் சங்கம் உருவானது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு தொடங்கியபோது, நிறுவன உறுப்பு நாடுகளில் ஒன்றாக இந்தியாவும் இருந்தது. சயானிலும் நாயர் மருத்துவமனையிலும் இன்று இருக்கும் மாநகராட்சிக் கல்லூரிப் பள்ளிகள் அந்த மரபில் வந்தவை. இவ்வளவு பழைய தொழிலுக்குச் சட்டப் பதிவேடு மட்டும் மிகத் தாமதமாகத்தான் வந்தது. டெல்லி 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும், மகாராஷ்டிரம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும், ஆக்குபேஷனல் தெரபிக்கும் பிசியோதெரபிக்கும் சேர்த்து ஒரு கவுன்சிலை அமைத்தன. பல மாநிலங்களில் அப்படி எதுவும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யிலோ எஸ்.ஆர்.எம்.மிலோ படித்துவிட்டு மும்பைக்கு வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள், இங்கே வந்ததும் முதலில் திகைப்பது இதில்தான். சங்க உறுப்பினர் அட்டை கையில் இருக்கும். கவுன்சில் பதிவு என்பது வேறு என்று தெரிந்திருக்காது. சங்கம் தொழில்காரர்கள் தாமாகச் சேர்ந்து நடத்துவது. கவுன்சில் சட்டத்தால் வந்தது. இந்த மாநிலத்தில் தொழில் செய்ய இரண்டாவதுதான் கேட்பார்கள்.

மும்பையில் நடக்கும் மாநாடு, பயிலரங்கு அழைப்பிதழ்களின் கீழே 'கவுன்சில் கிரெடிட் பாயிண்ட் உண்டு' என்று, தொடர்கல்விக்குக் கணக்காகும் புள்ளியைச் சொல்லும் ஒரு வரி இருக்கும். சிலர் தலைப்பைப் படிப்பதற்கு முன்னால் அந்த வரியைத்தான் படிப்பார்கள். குறை சொல்லவில்லை. ஒரு முறைமை எதை எண்ணுகிறதோ அதைத்தான் மனிதர்கள் சேர்ப்பார்கள்.

எண்ணுவதில் அமெரிக்கர்களை மிஞ்ச முடியாது. அங்கே இரண்டு அடுக்கு. ஒன்று, என்.பி.சி.ஓ.டி. என்ற தேசிய வாரியம் தரும் சான்று. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 36 அலகு தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று, வேலை செய்யும் மாநிலம் தரும் உரிமம். இதற்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு 24 அலகு, அதில் பாதியாவது நேரடியாகச் சிகிச்சையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். நியூயார்க்கில் மூன்று ஆண்டுக்கு 36 மணி நேரம். புளோரிடாவில் இரண்டு ஆண்டுக்கு 26 மணி; மருத்துவப் பிழைகளைத் தவிர்ப்பது பற்றியும், மாநிலச் சட்டம் பற்றியும் அதற்குள் கட்டாயப் பாடங்கள். டெக்சாஸில் 24 மணியோடு மனிதக் கடத்தலை அடையாளம் காணும் பயிற்சியும் உண்டு. தெரபிஸ்ட்டுக்கு எதற்கு அது என்று தோன்றலாம். வீட்டுக்குள் போய் வேலை பார்க்கும் ஆள், வேறு யார் கண்ணிலும் படாத ஒருவரைப் பார்க்க நேரலாம் என்பதே காரணம். இந்த ஒரு விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சமூகம் தன் பிரச்சினையைத் தொழில்காரரின் படிப்புக்குள் கொண்டுவருவது எப்படி என்பதற்கு அது உதாரணம்.

என்.பி.சி.ஓ.டி. சான்றும் மாநில உரிமமும் ஒன்றே என்று நினைத்துக்கொள்வது மும்பையில் அடிக்கடி நடக்கும் குழப்பம். வாரியச் சான்று, தேர்வில் தேறியவர் என்பதற்கான அடையாளம்; அதை வைத்துக்கொண்டு மட்டும் அமெரிக்காவில் ஒரு நோயாளியையும் தொட முடியாது. மாநில உரிமம் கிடைத்த பிறகு, பல மாநிலங்கள் வாரியச் சான்றைத் தொடர்ந்து புதுப்பிக்கச் சொல்வதில்லை. ஆனால் வேலை தரும் நிறுவனம் கேட்கக்கூடும். இதில் மாட்டிக்கொள்பவர்கள் செம்பூரிலும் வாஷியிலும் இருக்கிறார்கள். முதுகலை முடித்து, என்.பி.சி.ஓ.டி. தேர்வும் எழுதித் தேறி, விசாவுக்குக் காத்திருப்பவர்கள் அவர்கள். நர்சுகளுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும் அமெரிக்கக் குடியேற்ற விதியில் ஒரு சலுகைப் பட்டியல் உண்டு; தொழிலாளர் துறையின் ஆள்பற்றாக்குறைச் சான்று என்ற படியில் ஏறாமல் நேராக விண்ணப்பிக்கலாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையோ பத்தாண்டைத் தாண்டி நீளும். அந்த இடைவெளியில் சான்றின் மூன்றாண்டுக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவை இன்னும் பார்க்காத ஒருவர், அமெரிக்க அலகுகளை மும்பையில் உட்கார்ந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. நியூயார்க்கில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் நேரலை வகுப்பு, குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரை, கோடையில் நாலரை. அதனால் பெரும்பாலும் பதிவுசெய்த வகுப்புகள்தான். மாணவர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி தருவது, கட்டுரை எழுதுவது, இளையவருக்கு வழிகாட்டுவது இவற்றுக்கும் அலகு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பணம் கட்டி வெபினார் வாங்குவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இன்னொரு சின்னக் கணக்கு. சான்றிதழில் '0.2 சி.இ.யூ.' (தொடர்கல்வியை அளக்கும் இன்னொரு அலகு) என்று இருந்தால், அது இரண்டு மணி நேரம். ஒரு சி.இ.யூ. என்பது பத்து மணி. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, எல்லாம் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டுக் கடைசி மாதத்தில் ஓடுபவர்கள் உண்டு.

பிரிட்டன் வேறு பாதையில் போனது. அங்கே எச்.சி.பி.சி. என்ற ஒரே அமைப்பு 15 தொழில்களைப் பதிவு செய்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எத்தனை மணி நேரம்? எண்ணே கிடையாது. தொடர்ந்து கற்றதற்கான பதிவேடு வைத்திருக்க வேண்டும். ஒரே வகையில் இல்லாமல் பலவகையில் கற்றிருக்க வேண்டும். அது வேலையின் தரத்தைக் கூட்ட வேண்டும் என்று முயன்றிருக்க வேண்டும். நோயாளிக்குப் பயன்பட வேண்டும். புதுப்பிக்கும் சமயத்தில் ஒவ்வொரு தொழிலிலும் 2.5 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, எழுதிக் காட்டுங்கள் என்பார்கள். அப்போது சான்றிதழ்களைக் கட்டாக அனுப்பினால் மட்டும் போதாது. என் வேலை இது, நான் கற்றது இது, அதனால் என் நோயாளிக்கு மாறியது இது என்று சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். இங்கிருந்து லண்டன் போன தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கை நடுங்குவது இந்த இடத்தில்தான். பத்து சான்றிதழ் காட்டு என்றால் காட்டிவிடுவார்கள். 'ஒன்றை எடுத்து விளக்கு' என்று நம் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டுப் பழக்கவில்லையே.

ஆஸ்திரேலியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆண்டுக்கு 20 மணி நேரம், அதில் குறைந்தது ஐந்து மணி மற்றவர்களோடு உரையாடிக் கற்றதாக இருக்க வேண்டும். நவம்பர் 30க்குள் புதுப்பிக்க வேண்டும். முன்பு 30 மணியாக இருந்ததைக் குறைத்து, திட்டமிடுதலும் கற்றதை அசைபோட்டு எழுதுதலும் முக்கியம் என்று மாற்றினார்கள். எண்ணைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டியது என்று சொல்லலாம். சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த கவுன்சிலும் உரிமம் புதுப்பிக்கத் தொடர்கல்வியைக் கேட்கிறது.

சரி, இந்த மணி நேரங்களால் உண்மையில் பயன் உண்டா? இதைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, ஆறுதலாக இல்லாவிட்டாலும். மருத்துவத் துறையினருக்கான வகுப்புகள், பயிலரங்குகள் குறித்த 81 சோதனைகளைத் தொகுத்து 2009இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, கலந்துகொண்டவர்களின் நடைமுறையில் ஏற்பட்ட முன்னேற்றம் சராசரியாக ஆறு சதவீதப் புள்ளி என்றது. ஆறு! வெறும் சொற்பொழிவைவிட, சொற்பொழிவும் செய்துபார்த்தலும் கலந்தவை மேல். சிக்கலான பழக்கங்களை மாற்ற இவை அவ்வளவாக உதவவில்லை. இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் அவரவருக்கு எது தேவை என்று அவரவரே முடிவு செய்யட்டும்' என்று சொல்லத் தோன்றும். அதற்கும் 2006இல் ஒரு ஆய்வுத் தொகுப்பு பதில் சொல்லியிருக்கிறது. மருத்துவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கொண்டதையும், வெளியார் அவர்களை மதிப்பிட்டதையும் 20 இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதில் 13இல் இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு, அல்லது இல்லை, அல்லது தலைகீழ். மிகக் குறைந்த திறமையும் மிக அதிக நம்பிக்கையும் உள்ளவர்களின் கணிப்புதான் எல்லாவற்றிலும் மோசம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை தர்மசங்கடம். வெளியிலிருந்து மணிக்கணக்கில் கட்டாயப்படுத்தினால் கொஞ்சம்தான் பயன். உள்ளே அவரவர் விருப்பத்துக்கு விட்டால் யாருக்கு எது தெரியாதோ அவருக்கே அது தெரியவராது. என் முடிவு பிரிட்டன் பக்கம் சாய்கிறது. மணியை எண்ணுவது வருகைப் பதிவேடு. 'கற்றதால் என்ன மாறியது' என்று கேட்டு, சிலரையாவது குலுக்கலில் எடுத்துப் படித்துப் பார்ப்பதுதான் கற்றலுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அதற்கு எழுதுகிறவருக்குப் பழக்கம் வேண்டும், படித்து மதிப்பிட ஆள் வேண்டும். எண்ணுவதற்கு ஒரு எக்செல் தாள் போதும். எல்லா அரசுகளுக்கும் எக்செல் பிடித்திருப்பதன் காரணம் அதுதான்.

எண்ணுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எந்தப் பாடத்துக்கு மணி கிடைக்கிறது என்பதை யாரும் தரம் பார்த்து ஒதுக்குவதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான 64 சிகிச்சைகளை எடைபோட்டு, 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு. பெரிய பேர் வாங்கிய, நாள்கணக்கில் நடக்கும், ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சிகளைக் கொண்ட பழைய பொபாத் முறை (தெரபிஸ்ட் தன் கையால் பிடித்துக் குழந்தையின் அசைவைச் சீராக்க முயலும் முறை), சிவப்பில் வந்தது. கைகளுக்கு நோக்கமுள்ள, குழந்தை தானே செய்து பழகும் பயிற்சிகள் பச்சையில் வந்தன. அந்தப் பட்டியலை மறுத்தவர்கள் இருக்கிறார்கள். இன்று சொல்லிக்கொடுப்பது அன்றைய முறை அல்ல என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும். பிரச்சினை என்னவென்றால், சிவப்புக்கும் பச்சைக்கும் ஒரே மணிக்கு ஒரே பாயிண்ட். தொடுதல், அசைவு போன்ற புலன் உணர்வுகளைக் குழந்தை சீராகக் கையாளப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை என்ற பெயரில் மும்பையில் முளைத்திருக்கும் ஊஞ்சல், பந்து அறைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ் உருவாக்கிய இந்த முறைக்கு வரையறைகள் உண்டு. அதை ஒட்டிச் செய்த சிறு சோதனைகளில் பலன் தெரிந்ததும் உண்டு. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2012லேயே, ஆதாரம் போதாது, பெற்றோரிடம் அதைச் சொல்லுங்கள், குறிப்பிட்ட காலத்துக்குச் செய்து பலன் இருக்கிறதா என்று பாருங்கள் என்று எழுதிவிட்டது. வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கி வரவேற்பறையில் மாட்டியவர், அந்தக் கடைசி வரியையும் படித்தாரா என்பதை எந்தப் பாயிண்டும் சொல்லாது.

மும்பையில் உண்மையான கற்றல் எங்கே நடக்கிறது என்று கேட்டால், நான் சயானைச் சொல்வேன். தாராவியை ஒட்டிய அந்த மருத்துவமனைக்கு வருபவர்களில் தமிழர்கள் கணிசம். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாகத் தாராவியில் இருப்பவர்கள். தோல் வேலை, தையல், பழைய பொருள் பிரிக்கும் வேலை என்று எல்லாமே கையை நம்பியவை. விரல் நசுங்கி வருபவருக்குக் கை தெரபியின் பாடநூல் விதிகள் தெரிந்தால் பாதி போதும். மீதிப் பாதி, அவர் தினக்கூலியை விட்டு எத்தனை நாள் ஸ்பிளிண்டோடு உட்கார முடியும் என்ற கணக்கு.

தாராவி வீடுகளில் பல கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. நடுவில் படி இருக்காது. செங்குத்தான இரும்பு ஏணி இருக்கும். பக்கவாதம் வந்த ஒரு அம்மாளுக்கு நடைப்பயிற்சி தந்து, வராந்தாவில் பத்து மீட்டர் நடக்கவைத்து, 'முன்னேற்றம்' என்று கோப்பில் எழுதிவிடலாம். நோயாளி தனக்கு எது முக்கியம் என்று தானே சொல்லி, அதை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் போடும் கனடிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. எல்லாக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுப்பார்கள். அதை இந்தியில் கேட்டால், இந்தி பிடிபடாத அந்த அம்மாள், எல்லாவற்றுக்கும் 'டீக் ஹை' என்று தலையாட்டிவிடுவார். "ஆச்சி, எது செய்ய முடியலேன்னு மனசுக்குக் கஷ்டமா இருக்கு?" என்று தமிழில் கேட்டால், "ஏணி ஏற முடியலம்மா, பேரப்பிள்ளை மேலதான படுக்கு" என்று வரும். அங்கேதான் சிகிச்சையே தொடங்குகிறது. நல்ல கால், பலவீனமான கால் இரண்டில் எதை முதலில் வைப்பது, கைப்பிடிக் கயிறு எங்கே கட்டுவது, இல்லை பேரனைக் கீழே படுக்கவைக்க மருமகளிடம் பேசுவதா.

மகாராஷ்டிரத்தில் மராத்தி தெரிந்த தெரபிஸ்ட் தமிழ் நோயாளியிடம் கேட்பதற்கு நாற்பது சொல் கற்றுக்கொண்டால், தமிழ் தெரபிஸ்ட் மராத்தியில் கற்றுக்கொண்டால், அதற்கு எந்த அட்டவணையில் எத்தனை மணி? ஏணி வீட்டுக்கான பயிற்சியை இரண்டு மூன்று நோயாளிகளிடம் செய்துபார்த்து, சக தெரபிஸ்ட்டுகளோடு உட்கார்ந்து பேசி, எழுதிவைத்தால்? நட்சத்திர ஓட்டலில் நடந்த மாநாட்டின் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வுக்குக் கிடைக்கும் பாயிண்ட் அதற்குக் கிடைக்காது. பிரிட்டன் முறையில் கிடைக்கும், ஏனென்றால் அங்கே கேட்பது நோயாளிக்கு என்ன மாறியது என்பதை. ஆஸ்திரேலிய முறையிலும், அது உரையாடிக் கற்ற ஐந்து மணியில் சேரும்.

இப்போது இந்தியா எழுதப் போகும் விதிக்கு வருவோம். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழிலாளர் ஆணையச் சட்டம், ஆக்குபேஷனல் தெரபி உட்படப் பல தொழில்களை முதன்முறையாக ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. மத்தியப் பதிவேடு, மாநிலக் கவுன்சில்கள், மாநிலப் பதிவேடுகள் எல்லாம் அதில் உண்டு. தொடர்கல்விக்கான அடிப்படைத் தரத்தை வகுப்பதும் ஆணையத்தின் பணிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சட்டம் வந்தும் பல மாநிலங்கள் அசையவில்லை. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இரண்டு மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. இதுவரை தனிக் கவுன்சில் இல்லாத மாநிலங்களிலிருந்து மும்பைக்கு வருகிறவர்களுக்கு இனி இந்தக் குழப்பம் குறையலாம்.

ஆணையம் எண் ஒன்றை எழுதுவதற்கு முன், பக்கத்துத் தொழில்களில் இருக்கும் எண்களைப் பார்த்தால் நல்லது. மருத்துவர்களுக்கு ஐந்து ஆண்டில் 30 மணி நேரம் என்று பழைய மருத்துவக் கவுன்சில் விதித்தது. நர்சுகளுக்கு ஐந்து ஆண்டில் 150 மணி என்கிறது நர்சிங் கவுன்சில். டாக்டரைவிட நர்சுக்கு ஐந்து மடங்கு கற்க வேண்டியிருக்கிறது என்று எந்த ஆய்வில் கண்டார்களோ! எண்கள் இப்படித்தான் வருகின்றன. ஒரு அறையில் உட்கார்ந்து முழு எண்ணாக ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபிக்கும் ஒரு முழு எண் வரும். அது சிறியதாக இருக்கட்டும். அதோடு இரண்டு பக்கத்துக்கு எழுதச் சொல்லட்டும், தமிழிலோ மராத்தியிலோ எழுதினாலும் ஏற்றுக்கொள்ளட்டும், குலுக்கலில் சிலரை எடுத்துப் படித்துப் பார்க்கட்டும். அரசு மருத்துவமனையில் நடக்கும் வாராந்திர நோயாளி விவாதத்துக்குக் கணக்கு தரட்டும். அப்படித் தந்தால், தனியார் மையத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளைஞர்கள், பாயிண்டுக்காக மாதச் சம்பளத்தில் கைவைக்க வேண்டியிருக்காது.

விதி எப்படி வந்தாலும், இப்போதே செய்து வைத்துக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்று தமிழர்களுக்கென்றே இருக்கிறது: பெயர். தமிழ்நாட்டுப் பட்டச் சான்றிதழில் 'கே. மீனாட்சி' என்று இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் 'மீனாட்சி கார்த்திகேயன்'. மகாராஷ்டிரப் படிவங்கள் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர் என்று மூன்று கட்டம் போட்டிருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு இன்னொரு பெயர் சேரும். வெபினாரில் சேரும்போது அவசரத்தில் 'மீனா' என்று தட்டச்சு செய்தால் சான்றிதழும் அப்படியே வரும். இது வேறு ஆள் என்று ஒரு தணிக்கையாளர் சொன்னால் வாதாட முடியாது. கவுன்சில் பதிவில் எந்த வரிசையில் பெயர் இருக்கிறதோ, எல்லா வகுப்புக்கும் அதே வரிசையில் பெயர் கொடுப்பதுதான் வழி. ஏற்கெனவே வேறுபட்டு இருந்தால் நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று தயாராக வைத்துக்கொள்ளலாம். சான்றிதழில் தேதி, மணி நேரம், நடத்திய அமைப்பு, அங்கீகார எண் நான்கும் இருக்கிறதா என்று வந்த அன்றே பார்ப்பது உத்தமம். மூன்று ஆண்டு கழித்து அந்த அமைப்பு மின்னஞ்சலுக்குப் பதில் போடும் என்ற நம்பிக்கை வேண்டாம். இரண்டு நாட்டு உரிமம் வைத்திருப்பவர் ஒரே வகுப்பை இரண்டு இடத்திலும் காட்டலாம். ஆனால் அந்த வகுப்பு இரண்டு காலகட்டத்துக்குள்ளும் விழுந்திருக்க வேண்டும். டிசம்பரில் முடித்த ஒரு வகுப்பு, நவம்பரில் முடிந்த ஆஸ்திரேலிய ஆண்டுக்கு உதவாது. மார்ச்சில் முடியும் என்.பி.சி.ஓ.டி. சுற்றுக்கு உதவும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. பிள்ளையைத் தெரபிக்குச் சேர்க்கும்போது, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், கவுன்சில் பதிவு எண்ணையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு; மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. 'மேடம், கடைசியா என்ன கோர்ஸ் பண்ணீங்க? எங்க பையன் விஷயத்துல அதனால என்ன மாத்தினீங்க?' என்றும் கேட்கலாம். இந்த இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளலாம், நம் ஊரில் யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்டதில்லை. பதிவு எண்ணைத் தரத் தயங்கினால், வேறு மையம் பாருங்கள்.